தடயம் போகும் வழி: வாங்கல் எஞ்சினில் உட்சேதம் அறிதல்

தாமே கட்டிய சிறு விமானத்தில் முக்கோண ரோட்டர் சுழலும் மாஸ்டா 13பி போன்ற வாங்கல் எஞ்சினைப் பொருத்துபவர், அதன் உட்சேதத்தை அறியும் முறைகளைப் பெரும்பாலும் பிஸ்டன் எஞ்சினிடமிருந்தே எடுத்துக்கொள்கிறார். ஆயில் ஃபில்டரை அறுத்து உலோகத் துகள் தேடுகிறார். கம்ப்ரஷன் கேஜை மாட்டி ஓர் எண்ணைக் குறிக்கிறார். இரண்டும் வாங்கலில் பொய்யான நிம்மதியைத் தரக்கூடும் என்பதே என் வாதம். பிரிக்காமல் சேதம் அறிய வேண்டுமானால், உடைந்த துகளும் கசிந்த அழுத்தமும் எந்த வழியாக வெளியேறுகின்றன என்பதை முதலில் கேட்க வேண்டும்.

கேள்வி பழையதுதான். ஓஸ்லோவிலுள்ள நார்வே தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் டிரிக்வே கிரானின் பிளேரியோ விமானம் இருக்கிறது. 1914 ஜூலை 30 அன்று ஸ்காட்லாந்தின் க்ரூடன் பேயிலிருந்து கிளம்பி, நான்கு மணி நேரத்துக்குச் சற்று கூடுதலாகப் பறந்து, வடகடலைத் தாண்டிய விமானம் அது. அதன் 80 குதிரைத்திறன் நோம் எஞ்சினில் அச்சு அசையாமல் நிற்க, சிலிண்டர்களே புரொபெல்லரோடு சுற்றும். அமைப்பில் அதற்கும் வாங்கலுக்கும் உறவில்லை. ஆனால் ஒரு குணம் ஒத்துப்போகிறது. நோமுக்குக் கொடுத்த விளக்கெண்ணெய் தொட்டிக்குத் திரும்புவதில்லை. பாதி எரிந்தும் எரியாமலும் வெளியே தெறித்துவிடும். தேய்ந்த உலோகமும் அதோடு போய்விடும். அக்காலத்து மெக்கானிக்குகள் அந்த எஞ்சினை அடிக்கடி முழுவதுமாகப் பிரித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று கொள்ளலாம்.

வாங்கலில் நிலைமை பாதிக்குப் பாதி. ரோட்டர் பேரிங், மெயின் பேரிங், நிலைப் பற்சக்கரம் ஆகியவற்றின் தேய்மானம் ஆயிலில் கலந்து ஃபில்டருக்கு வரும். ஆனால் இந்த எஞ்சினின் உயிர்நாடியான, ரோட்டரின் முனைகளிலுள்ள அபெக்ஸ் சீல்கள் ஆயில் தொட்டியோடு நேரடித் தொடர்பில்லாத அறையில் உரசுகின்றன. அவற்றை நனைக்கும் சிறிதளவு ஆயிலும் எரிந்துபோவதற்கே செலுத்தப்படுகிறது. டெட்டொனேஷனில் சீல் உடைந்தால் துண்டு எக்ஸாஸ்ட் வழியே பறக்கும். டர்போ இருந்தால் அதன் இறக்கைகளைக் கொத்திவிட்டுப் போகும். பிஸ்டன் எஞ்சினில் ரிங் தேய்ந்த இரும்பு கீழே வடிந்து ஆயிலில் சேர்வதுபோல் இங்கே சேர்வதில்லை. ஆகவே சுத்தமான ஃபில்டர் பேரிங்குகளுக்குச் சாட்சி சொல்லலாம், சீல்களுக்கு அல்ல.

சீல்களுக்கு அழுத்தமே சாட்சி. அதைக் கேட்கும் முறையில்தான் பெரிய தவறு நடக்கிறது. ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்று முகங்கள். எக்சென்ட்ரிக் ஷாஃப்ட் மூன்று முறை சுற்றினால் ரோட்டர் ஒரு முறை சுற்றும். ஒரே பிளக் துளையை மூன்று முகங்களும் வரிசையாகக் கடக்கின்றன. சாதாரண கேஜில் உள்ள ஒருவழி வால்வு, வந்தவற்றுள் மிக அதிகமான அழுத்தத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஓர் அபெக்ஸ் சீல் இரண்டு அறைகளுக்கு நடுவில் நிற்பது. அது உடைந்தால் அக்கம்பக்கத்து இரு முகங்களும் விழும், மூன்றாவது முகம் நன்றாகவே இருக்கும். கேஜ் அந்த மூன்றாவதை மட்டும் காட்டி, எஞ்சின் ஆரோக்கியம் என்று சொல்லிவிடும். வால்வை எடுத்துவிட்டு ஊசியின் துள்ளல்களைத் தனித்தனியே படிக்க வேண்டும். நிமிடத்துக்கு 250 சுற்றில் நொடிக்கு நான்கு துள்ளல். கண் தொடர முடியாது. வீடியோவில் பதிந்தோ, மின்னணு அழுத்த உணரியைக் கொண்டோதான் எண்களைப் பெற முடியும்.

அப்படிப் பிரித்துப் படித்த எண்கள் பேசத் தொடங்கும். இரண்டு முகம் தாழ்ந்தால் அபெக்ஸ் சீலையோ அதன் நுனியிலுள்ள கார்னர் சீலையோ சந்தேகிக்கலாம். ஒன்று மட்டும் தாழ்ந்தால் அந்த முகத்தின் பக்கவாட்டிலுள்ள சைடு சீல். மூன்றும் ஒரே அளவில் தாழ்ந்தால் ஹவுசிங் தேய்மானம். அல்லது பெட்ரோல் அதிகமாகி ஆயில் படலத்தைக் கழுவியிருக்கலாம். அல்லது ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றியிருக்கலாம். கார்பன் படிந்து காடியில் ஒட்டிக்கொண்ட சீலும் உடைந்த சீலைப் போலவே காட்டும் என்பதால், தாழ்ந்த எண்ணைக் கண்டவுடன் எஞ்சினைப் பிரிப்பதும் அவசரமே. எக்ஸாஸ்ட் துளை வழியே போரோஸ்கோப்பை விட்டு, ரோட்டரைக் கையால் மெல்லச் சுற்றி ஒவ்வொரு சீலாகப் பார்க்கலாம்.

சுற்று வேகத்தைப் பதியாத எண்ணுக்கு ஓஸ்லோ போன்ற ஊரில் மதிப்பே இல்லை. ஜனவரியில் ஆயில் கெட்டியாகும், பேட்டரி தளரும், வேகம் விழும், அதோடு அழுத்தமும் விழும். எஞ்சினைச் சூடாக்கி அளந்து, 250 சுற்றுக்குத் திருத்திய பிறகே அதை ஜூலை மாத எண்ணோடு வைத்துப் பார்க்க முடியும்.

கூலன்டை எரியறையிலிருந்து பிரிக்கும் கூலன்ட் சீலின் தடயம் வேறொரு வழியில் போகிறது. எரிவாயு கூலன்டுக்குள் புகும். எஞ்சின் நின்றபின் கூலன்ட் அறைக்குள் கசியும். கம்ப்ரஷன் எண் அப்போதும் சரியாகவே இருக்கக்கூடும். இதற்குக் காக்பிட்டில் கூலன்ட் அழுத்தமானி வைப்பதே நல்லது என்பேன். வெப்பமானி பெரும்பாலும் தாமதமாகத்தான் சொல்லும்.

பேரிங், பற்சக்கரம் விஷயத்திலாவது ஆயிலை முழுதாக நம்பலாமே என்று ஒருவர் கேட்கலாம். அதற்கு நார்வேயே பதில் வைத்திருக்கிறது. 2016 ஏப்ரல் 29 அன்று குல்ஃபாக்ஸ் பி எண்ணெய் மேடையிலிருந்து பெர்கன் திரும்பிய ஈசி225 ஹெலிகாப்டரின் பிரதான ரோட்டர், டுரோய் தீவருகே பறக்கும்போதே கழன்றது. 13 பேரும் இறந்தனர். கியர்பாக்ஸின் ஒரு கோள் பற்சக்கரத்தில், மேற்பரப்பின் நுண்குழியில் தொடங்கிய களைப்பு விரிசல் உள்ளுக்குள் பரவியது. வெளியே உதிர்ந்த துகள் மிகக் குறைவு என்று நார்வே விபத்து விசாரணை வாரியத்தின் 2018 அறிக்கை விளக்கியது. காந்தத் துகள் உணரியும் அதிர்வுக் கண்காணிப்பும் எச்சரிக்கவில்லை. பெரிய நிறுவனங்களின் பராமரிப்பிலேயே இப்படி நேர்ந்திருக்க, வாங்கலின் வேகக்குறைப்பு கியர்பாக்ஸுக்கும் எஞ்சின் ஆயிலையே ஊட்டும் தனிமனிதர், ஃபில்டரில் கிடைத்த இரும்பு எங்கிருந்து வந்தது என்று சொல்வது இன்னும் கடினம். கியர்பாக்ஸின் திரும்பு குழாயில் தனிச் சல்லடை வைத்தால் அந்தக் குழப்பம் பெருமளவு நீங்கும்.

ஒரு சீல் போனாலும் வாங்கல் குறைந்த திறனில் ஓடிக்கொண்டிருக்கும் என்று அதன் ஆதரவாளர்கள் சொல்வது உண்மை. அதையே சோதனையைத் தள்ளிப்போடக் காரணமாக்குவதை நான் ஏற்கவில்லை. மரங்களுக்கு மேலே ஏறவேண்டிய புறப்பாட்டில் இழந்த திறனுக்கு மாற்று கிடையாது. ஓஸ்லோவை அடுத்த ஷெல்லர் களமானாலும் வேறு எந்தக் களமானாலும், பதிவேட்டில் ‘கம்ப்ரஷன் சரி’ என்ற ஒற்றை வரியை ஏற்கக் கூடாது. இரண்டு ரோட்டர் எஞ்சினுக்கு ஆறு எண்கள், சுற்று வேகம், எஞ்சின் வெப்பம் மூன்றும் எஞ்சினைப் பொருத்திய நாளிலிருந்தே எழுதப்பட வேண்டும்.