ஒரு பைசா ஏடு முதல் கணிப்பொறி வரை

அரசு ஆணை பிறப்பிப்பது ஒன்று. அவ்வாணை உரியவர் செவிக்கு எட்டுவது வேறொன்று. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவைக் கடக்க முயன்ற கதையே நம் மக்களின் கல்வி வரலாறு எனலாம்.

நம் முன்னோர் முதலிற் கையிலெடுத்த கருவி அச்செழுத்து. 1893-இல் இரட்டைமலை சீனிவாசனார் சென்னையில் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கினார். பிறர் இழிவாக வழங்கிய பெயரையே ஏட்டின் தலைப்பாக்கினார். 1907-இல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழை வெளியிட்டார். ஏழையும் வாங்கத்தக்க விலையே அதன் பெயராயிற்று.

1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில், பொதுச் சாலைகளையும் கிணறுகளையும் எல்லா வகுப்பினரும் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தைச் சீனிவாசனார் நிறைவேற்றுவித்தார். அரசும் ஆணையிட்டது. ஆயினும், அதன் பின்னரும் பல்லாண்டுகள் பல ஊர்களில் நம்மவர் கிணற்றினின்று விலகியே நின்றனர். ஆதிக்கத்தின் அச்சுறுத்தல் ஒரு காரணம். ஆணையை எடுத்துக்காட்டி வாதிட ஆளில்லாமை மற்றொரு காரணம்.

அறியும் உரிமை சட்டமாக நெடுங்காலம் ஆயிற்று. இராசஸ்தானில் 1990-இல் தோன்றிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்னும் உழைப்பாளர் உழவர் அமைப்பினர், 1994 முதல் ஊர்ப் பொதுவிசாரணைகளில் கூலிப் பட்டியல்களை உரக்கப் படித்தனர். வேலை செய்யாதவர் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தமை வெளிப்பட்டது. 1997-இல் தமிழ்நாடு, மாநிலங்களுள் முதலாவதாகத் தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது. 2005-இல் நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது. 10 ரூபாய்க் கட்டணத்தில், பொதுவாக 30 நாட்களுக்குள் விடை பெற அது வழி செய்தது. நிருவாக முடிவுகளுக்கான காரணத்தைப் பாதிக்கப்பட்டோர்க்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதன் 4-ஆம் பிரிவு விதிக்கிறது.

இனிவரும் காலத்திற்கு இப்பிரிவே உயிர்நாடி. 1944-இல், அண்ணல் அம்பேத்கர் அரசப் பிரதிநிதியின் ஆட்சிக் குழுவில் இருந்த காலத்தில், நம் மாணவர்க்கான மேற்படிப்பு உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. இன்று அதற்கு இணையவழியே விண்ணப்பிக்கின்றனர். என் பழைய மாணவி ஒருத்தியின் விண்ணப்பம் “நிராகரிக்கப்பட்டது” என்ற ஒற்றைச் சொல்லோடு திரும்பியது. காரணம் கேட்டு எழுதினோம். சான்றிதழில் ஒரு முன்னெழுத்து மாறியிருந்ததாக விடை வந்தது. திருத்தினோம், தொகை கிடைத்தது. கேளாதிருந்தால் அவள் படிப்பு நின்றிருக்கும்.

நாளை கணிப்பொறியே தகுதியை முடிவுசெய்யலாம். பொறி சொன்னது என்பது காரணமாகாது. அதற்கு இடப்பட்ட விதிகளை மக்கள் மொழியில் வெளியிடுவதே நேர்மையான அரசுக் கொள்கையாகும். மேலும், 2023-இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் விவரங்களை மறுப்பதற்கான விலக்கை விரிவாக்கியது. அன்று ஊர் நடுவே படிக்கப்பெற்ற கூலிப் பட்டியல் போன்றவற்றையும் இனி மறுக்க இடமுண்டாகும் என்பதை மறவற்க.

இளைஞர்களே! நம் சங்கம் கால் நூற்றாண்டு காலம் எழுத்தறிவித்தது. இனி, தெருவுக்கு ஒருவரேனும் ஆணைகளைப் படித்துச் சொல்லவும், காரணம் கேட்டு மனு எழுதவும் பயில வேண்டும். ஒரு பைசா ஏட்டை நடத்தியோர்க்கு நாம் செலுத்தும் நன்றி அதுவேயாம்.