சொல்லில் வாழும் வீடு: பாலை நிலக் கட்டடக் கலையும் ஹசன் ஃபாத்தியும்



மொழியியல் பயின்ற ஒருவன் வீடு கட்டுவதைப் பற்றிப் பேச முன்வருவது உங்களுள் சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் வீட்டின் வரலாற்றையும் சொல்லின் வரலாற்றையும் தனித்தனியே பிரித்துவிட இயலாது. சூளையில் சுடாமல் வெயிலில் உலர்த்திய மண்கல்லை ஸ்பானியர் 'அடோபே' என்பர். அச்சொல் ஸ்பானிய மண்ணில் பிறந்ததன்று. பண்டைய எகிப்தியரின் 'ஜெபெத்' என்னும் சொல் காப்டிக் மொழியில் 'தோபே' ஆயிற்று. அரபு மொழியில் 'தூப்' ஆயிற்று. சுட்டிடைச் சொல் முன்னே சேர 'அத்தூப்' என வழங்கி, அரேபியர் ஆட்சிக் காலத்தில் ஸ்பெயினுக்குச் சென்றது. பின்னர்க் கடல் கடந்து அமெரிக்கப் பாலை நிலங்களையும் அடைந்தது. அரசுகள் பல மாறின; மொழிகள் மாறின; கல்லும் அதன் பெயரும் நிலைத்தன.

இம்மண்கல்லுக்கு இருபதாம் நூற்றாண்டில் மறுவாழ்வு தேடியவர் எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி (1900–1989). ஏழை உழவர் தம் நிலத்து மண்ணைக் கொண்டே வீடு கட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவர் நோக்கம். சுவர் எழுப்புவதில் தடையில்லை, கூரையே இடராயிற்று. இரண்டாம் உலகப் போரினால் மரமும் இரும்பும் கிடைப்பது அரிதாயிற்று. மரச்சட்டத்தின் தாங்குதல் இன்றி மண்கல்லால் வளைகூரை அமைக்க அவர் முயன்றபோது அது இடிந்து விழுந்தது.

1941ஆம் ஆண்டில் அவர் தெற்கே அஸ்வானுக்குச் சென்றார். அங்கு நூபியக் கொத்தனார்கள் தாங்கு சட்டம் எதுவுமின்றி வளைகூரை எழுப்புவதைக் கண்டார். அவர்களது முறை எளியது, நுட்பமானது. முதலில் அறையின் ஒரு பக்கத்துச் சுவரை உயர்த்திக் கட்டுவர். அச்சுவர்மேல் வளைவின் வடிவத்தைக் கைப்பழக்கத்தால் சேற்றில் வரைவர். பின்னர் ஒவ்வொரு வளையத்தையும் அச்சுவரின்மீது சாய்த்து ஒட்டுவர். சாய்ந்திருப்பதால் புதுக் கல் வழுக்கி விழாமல், முன்னைய வளையத்தின்மேல் தங்கிவிடும். இக்கூரைக்கெனத் தனிக் கல் வார்ப்பர்: 25 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம், 5 செ.மீ. தடிமன். எடை குறைய வைக்கோலை மிகுதியாகச் சேர்ப்பர். சேறு பற்றிக்கொள்ள ஈரக் கல்லில் விரலால் கோடு கீறுவர். இதே முறையில் எழுப்பிய தானியக் களஞ்சியங்கள் இரண்டாம் ராமேசஸ் மன்னனின் ராமேசியம் கோயில் வளாகத்தில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நிற்கின்றன. கட்டடக் கலைஞர் கல்லூரியில் பெறாத விடையை எழுதப் படிக்கப் பயிலாத கைகள் காத்து வைத்திருந்தன.

பாலை நிலத்து வீட்டின் உறுப்புகள் ஒவ்வொன்றும் தன் பணியைத் தன் பெயரிலேயே சொல்கின்றன. கூரைக்கு மேல் காற்று வரும் திசை நோக்கி நிற்கும் தூம்புக்கு அரபு மொழியில் 'மல்கஃப்' என்று பெயர். பற்றிப் பிடிப்பது என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்தது. பாரசீகர் அதனை 'பாத்கீர்', அதாவது காற்றைப் பிடிப்பது, என்றனர். சிலப்பதிகாரத்தில் வரும் 'காலதர்' என்னும் நம் சொல்லும் இவ்வகையினதே: கால் என்பது காற்று, அதர் என்பது வழி. மரப்பின்னல் சாளரமாகிய 'மஷ்ரபிய்யா' குடித்தலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்தது. நீர் நிறைந்த மண்சாடிகளை அங்கு வைப்பர். சாடியின் மேற்பரப்பில் கசியும் நீர் வறண்ட காற்றில் ஆவியாகிக் குடிநீரையும் உள்ளே வரும் காற்றையும் குளிர்விக்கும். வீட்டைக் குறிக்கும் 'சகன்' என்னும் சொல்லும், மன அமைதியைக் குறிக்கும் 'சகீனா' என்னும் சொல்லும் ஒரே வேரின. இவ்வுறவை ஃபாத்தியே எடுத்துக்காட்டியுள்ளார். உயர்ந்த சுவர்கள் சூழ்ந்த முற்றத்தில் இரவின் குளிர்காற்று படிந்து, பகலிலும் நெடுநேரம் தங்கும். அம்முற்றமே குடும்பம் கூடும் இடமாகும்.

இவை வெறும் பழமைப் பற்றன்று என்பதற்குச் சான்று உண்டு. 1964ஆம் ஆண்டில் கெய்ரோவில் இரு மாதிரி வீடுகளை அமைத்து அளந்தனர். அரை மீட்டர் தடிமனுள்ள மண்கல் வீட்டினுள் நாள் முழுதும் வெப்பம் 21 முதல் 23 பாகை செல்சியஸ் வரையே இருந்தது. மெல்லிய கான்கிரீட் பலகை வீட்டினுள் அது 36 பாகை வரை ஏறியது. தடித்த மண்சுவர் பகல் வெப்பத்தைத் தன்னுள் வாங்கி, அதனை உள்ளே விடுவதற்குள் இரவு வந்துவிடுகிறது என்பதே இதன் காரணம்.

இனி, இக்கதையின் கசப்பான பகுதிக்கு வருகிறேன். லக்சருக்கு எதிரே, நைல் ஆற்றின் மேற்குக் கரையில், பழங்காலக் கல்லறைகளின்மேல் குர்னா மக்கள் குடியிருந்தனர். கல்லறைப் பொருள்கள் களவு போயின. ஆகவே ஏறத்தாழ 7,000 பேரை இடம் பெயர்க்க அரசு முடிவு செய்து, புதிய ஊரை அமைக்கும் பணியை 1945இல் ஃபாத்தியிடம் ஒப்படைத்தது. பள்ளிவாசல், சந்தை, பள்ளிக்கூடம், வீடுகள் என ஓர் அழகிய ஊரின் ஒரு பகுதி எழுந்தது. மக்களோ வர மறுத்தனர். அவர்களுடைய பிழைப்பு பழைய ஊரைச் சார்ந்திருந்தது. குவிமாடம் அவர்களுக்கு வீட்டை அன்று, சமாதியை நினைவூட்டியது என்றும் கூறுவர். அலுவலகத் தடைகளும் சேர, பணி பாதியில் நின்றது. அத்தோல்வியை அவர் மறைக்கவில்லை. தம் நூலில் விரிவாக எழுதினார். வீட்டைப் பற்றி மிகுதியாக அறிந்த பெண்களிடம் ஊர் வழக்கம் காரணமாகக் கருத்துக் கேட்க இயலாமற்போனதையும் அதில் குறிப்பிட்டுள்ளார்.

கொத்தனார்களின் கைத்திறனைப் பணிவுடன் கேட்டுக் கற்ற அவரால், குடியிருக்க வேண்டியவர்களின் விருப்பத்தை அவ்வாறு முழுமையாகக் கேட்க இயலவில்லை. மொழித் திட்டம் வகுப்போர்க்கும் இது பொருந்தும் என்பது என் நெடுநாளைய எண்ணம். மக்கள் நாவில் வழங்கும் சொல்லைக் கேளாமல் ஆக்கிய கலைச்சொல், எத்துணை அழகாயினும், ஆளில்லா வீடாகவே நிற்கும்.

மாணவர்களே, நம் மழை நாட்டில் மண்சுவரும் நீர்ச்சாடியும் அதே பயன் தரமாட்டா. இங்குக் காற்று ஏற்கெனவே ஈரமானது, இரவும் வெம்மையானது. ஆகவேதான் மலாய்க் கம்பத்து வீடு தூண்மேல் உயர்ந்து, மெல்லிய சுவரும் அகன்ற சாளரமும் கொண்டு நிற்கிறது. பாலையின் வடிவத்தை நாம் கடன் வாங்க வேண்டா. அதன் வினாவைக் கடன் வாங்கினால் போதும். இந்த மண் எதைத் தருகிறது? இந்தக் காற்று எவ்வழி வருகிறது? இவ்வீட்டில் வாழப்போகிறவர் என்ன சொல்கிறார்? உங்கள் ஊரில் முதிய கொத்தனாரோ தச்சரோ இருப்பின், அவர் கருவிகளின் பெயர்களையும் வேலைமுறைகளையும் இன்றே கேட்டு எழுதி வையுங்கள். அச்சொற்கள் மறைந்தபின் அவற்றோடு போன அறிவை மீட்க, எல்லாருக்கும் ஓர் அஸ்வான் வாய்ப்பதில்லை.