முடிவு எழுதும் கை: அறிவிப்புப் பந்தயமும் கொங்குநாட்டு மூன்று நம்பர் லாட்டரியும்

ஒரு விருது யாருக்குக் கிடைக்கும், தேர்தல் எந்த மாதத்தில் நடக்கும், இசைவிழாவின் பெரிய மேடையில் இரவின் கடைசி நிகழ்ச்சியை யார் நடத்துவார் என்பன போன்ற கேள்விகளின் மீது பணம் கட்டும் வழக்கம், குதிரையும் கால்பந்தும் பெரும்பங்கு வகிக்கும் பிரிட்டிஷ் பந்தயக் கடைகளில் ஒரு சிறு கிளையாக நெடுங்காலமாக நிலைபெற்றுள்ளது. இவ்வகையை இக்கட்டுரை ‘அறிவிப்புப் பந்தயம்’ எனக் குறிக்கிறது. ஏனெனில் இதில் பணம் கட்டுபவர் எதிர்பார்த்திருப்பது இனி நடக்கவிருக்கும் போட்டியை அன்று, பெரும்பாலும் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்ட ஒரு முடிவு வெளியே சொல்லப்படும் தருணத்தை. கோவையிலும் அதைச் சுற்றிய கொங்கு வட்டாரத்திலும் இசைவிழாக் கலைஞர்களின் பெயரில் பந்தயம் கட்டும் கடைகள் இல்லை. ஆனால் இவ்வகைப் பந்தயத்தின் குறைபாடு எங்கே இருக்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டும் ஒரு சூது இங்கு உண்டு. அது மூன்று நம்பர் லாட்டரி.

முதலில் இசைவிழா. இங்கிலாந்தின் சாமர்செட் வட்டாரத்தில் பில்டன் என்னும் ஊரின் பண்ணை ஒன்றில் 1970 முதல் நடந்துவரும் கிளாஸ்டன்பரி விழாவில், பிரமிட் மேடை எனப்படும் முதன்மை மேடையில் வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று இரவுகளின் இறுதி நிகழ்ச்சிக்கு உரியவர்களே தலைமைக் கலைஞர்கள். கலைஞர் பட்டியல் முழுமையாக வெளிவருவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே நுழைவுச் சீட்டுகள் விற்றுத் தீர்ந்துவிடுகின்றன. 2025ஆம் ஆண்டு விழாவுக்கான சீட்டுகள் 2024 நவம்பரில் விற்றுப்போயின. பட்டியலோ 2025 மார்ச்சில்தான் வந்தது. இந்த இடைவெளியில்தான் ஊகமும் பந்தயமும் தழைக்கின்றன. அவ்வாண்டு பாடகர் நீல் யங் புத்தாண்டையொட்டித் தாம் இவ்விழாவில் பாடப்போவதில்லை என்று அறிவித்து, சில நாட்களுக்குள் தமக்குக் கிடைத்த தகவலில் பிழை இருந்ததாகக் கூறிப் பாடுவதாக உறுதிசெய்தார். அவர் அழைக்கப்பட்டிருந்தார் என்பதையே அந்த மறுப்புதான் உலகுக்குச் சொன்னது. அந்த வாரத்தில் அவர் பெயரில் பணம் கட்டியிருந்த எவருக்கும் இசையறிவு எவ்வகையிலும் பயன்பட்டிருக்காது. ஓர் ஒப்பந்தப் பேச்சு எந்நிலையில் இருந்தது என்ற செய்தி மட்டுமே பயன்பட்டிருக்கும்.

பந்தயக் கடைக்காரர் இதை நன்கு அறிந்தவர். அவர் தம் வரவை இரு வழிகளில் காத்துக்கொள்கிறார். முதல் வழி கணக்கு. சனிக்கிழமை மேடைக்கு நான்கு பெயர்களே பேசப்படுகின்றன என்று கொள்வோமானால், அவற்றுக்கு அவர் முறையே ஒன்றுக்கு ஒன்றரை, இரண்டு, மூன்று, நான்கு என லாபம் தருவதாக அறிவிக்கலாம். இவ்விகிதங்கள் உணர்த்தும் வாய்ப்புகள் 40, 33.3, 25, 20 விழுக்காடு, கூட்டினால் 118.3. நூற்றுக்கு மேற்பட்ட அந்தப் பதினெட்டுச் சொச்சமே கடையின் கழிவு. இரண்டாம் வழி வரம்பு: இத்தகைய பந்தயங்களில் ஒருவர் கட்டக்கூடிய தொகை மிகக் குறைவாக வைக்கப்படுகிறது, ஒரே பெயருக்குத் திடீரெனப் பணம் குவிந்தால் பந்தயமே நிறுத்தப்படுகிறது.  அது யாரோ உள்விவரம் அறிந்துவிட்டார் என்பதற்கான அடையாளம். பொருளியலறிஞர் ஹ்யூன் சாங் ஷின் 1991இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கோட்பாடாகவே நிறுவியது. உள்விவரம் அறிந்தோர் கலந்திருக்கும் சந்தையில் கடைக்காரர் தற்காப்புக்காக விகிதங்களை இறுக்குகிறார், அதன் சுமை விவரம் அறியாத எளிய பந்தயக்காரர் தலையில் விழுகிறது என்பதே அதன் சாரம்.

இது ஏட்டளவில் நிற்கும் அச்சம் அன்று. 2024 மே 22 அன்று பிரிட்டனின் பொதுத்தேர்தல் ஜூலையில் நடக்கும் என்று அறிவிக்கப்படுவதற்கு மூன்று நாட்களுக்கு முன், பிரதமரின் நாடாளுமன்ற உதவியாளராக இருந்த உறுப்பினர் ஒருவர் ஜூலைத் தேர்தலின் மீது 100 பவுண்டு கட்டியிருந்தது வெளிப்பட்டு, 2025 ஏப்ரலில் 15 பேர் மீது அந்நாட்டுச் சூதாட்ட ஆணையம் குற்றம் சாட்டியது. தொகை அற்பம். ஆயினும் தேதியைத் தீர்மானிக்கும் அறைக்கும் பணம் கட்டும் கடைக்கும் நடுவே சுவர் இல்லை என்பதை அது காட்டிவிட்டது.

கொங்குநாட்டுச் சூதாடிகள் இந்தச் சுவரின் அருமையை அறிந்தவர்கள் என்றே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2003 சனவரியில் லாட்டரிச் சீட்டு விற்பனை தடைசெய்யப்பட்டது. கேரளத்திலோ 1967இல் தொடங்கப்பட்ட அரசு லாட்டரி இன்றும் நாள்தோறும் பிற்பகல் 3 மணிக்குக் குலுக்கப்படுகிறது. எல்லையில் வாளையாறு தாண்டியவுடன் சீட்டுக் கடைகள் வரிசையாக நிற்கின்றன. அங்கு சீட்டு வாங்குவது ஒரு வகை. கோவை, பொள்ளாச்சி, ஈரோடு வட்டாரங்களில் காவல்துறை அடிக்கடி வழக்குப் பதிவுசெய்யும் மற்றொரு வகையில், அச்சடித்த சீட்டே கிடையாது. ஒரு வெள்ளைத் தாளில் மூன்று எண்கள் எழுதித் தரப்படுகின்றன, அல்லது கைப்பேசியில் செய்தியாக அனுப்பப்படுகின்றன. அன்று கேரளத்தில் பரிசு விழுந்த எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் அவற்றோடு ஒத்துப்போனால் உள்ளூர் ஏஜெண்ட் பணம் தருகிறார். ஆயிரம் சேர்க்கைகளில் ஒன்று. ஆயிரம் மடங்குக்குக் குறைவாகத் தரப்படும்வரை லாபம் எண்களை எழுதித் தருபவருக்கே.

இந்த ஏற்பாட்டில் கவனிக்கத்தக்கது, எழுதுபவர் தாமே குலுக்கல் நடத்துவதில்லை என்பது. நடத்தினால் ஒருவரும் நம்பமாட்டார். தமக்குச் சிறிதும் கட்டுப்படாத, தம் பெயரைக்கூட அறியாத வேறொரு மாநில அரசின் முடிவைக் கடன் வாங்கித்தான் அவர் தொழில் நடக்கிறது. ஒற்றை இலக்கத்தின் அடிப்படையிலும், முன்னரே அறிவித்த எண்ணின் மீதும் பரிசு தரக்கூடாது என்று 1998ஆம் ஆண்டின் லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம் அரசு லாட்டரிகளைக் கட்டுப்படுத்தியிருக்க, அந்த அரசு லாட்டரியின் கடைசி இலக்கங்களிலிருந்தே வெள்ளைத் தாள் சூது முளைத்திருப்பது ஒரு முரண். ஏஜெண்ட் தலைமறைவானால் கேட்க வழியில்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவு பந்தய ஒப்பந்தத்தைச் செல்லாதது என்கிறது. அதாவது, மூன்று நம்பரில் முடிவு நேர்மையானது, கடனாளி நேர்மையற்றவராக இருக்கலாம். இசைவிழாப் பந்தயத்தில் இது தலைகீழ்: உரிமம் பெற்ற கடை பணத்தை ஒழுங்காகத் தந்துவிடும், முடிவு பிறக்கும் இடத்தில்தான் திரை விழுந்திருக்கிறது.

கோவையின் வாழ்வோடு பின்னிய பருத்தியே இதற்கு இன்னொரு சான்று தருகிறது. பம்பாயில் நியூயார்க் பருத்திச் சந்தையின் தொடக்க, இறுதி விலைகளின் மீது பணம் கட்டும் சூது பரவியிருந்தது; கடல் கடந்த விலையை உள்ளூரில் எவரும் திருத்த இயலாது என்பதே அதன் பலம். 1960களின் தொடக்கத்தில் அந்த வழி அடைபட்டதும், கல்யாண்ஜி பகத் 1962இலும் ரத்தன் கத்ரி 1964இலும் தொடங்கிய மட்கா சூதுகளில் எண் உள்ளூரிலேயே எடுக்கப்படலாயிற்று. பணம் வாங்குபவரே முடிவையும் எடுக்க நேர்ந்ததால், பலர் காண எடுக்கும் காட்சி தேவைப்பட்டது. கத்ரி திரைநட்சத்திரங்களைக்கூட அழைத்துச் சீட்டு எடுக்கச் செய்ததாகச் சொல்வர். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், ஊர்ச் சபைக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கக் குடத்திலிருந்து ஓலையை விவரமறியாச் சிறுவனைக் கொண்டு சபை முன்னிலையில் எடுக்கச் சொன்னதும் இதே அறிவின்பாற்பட்டதுதான், நோக்கம் முற்றிலும் வேறாயினும்.

முடிவை எடுப்பவர் யார் என்ற கேள்வியை இந்தியச் சட்டம் கேட்பதே இல்லை. ‘திறனா, தற்செயலா’ என்ற ஒற்றை அளவுகோலை அது நெடுங்காலம் சுமந்துவந்துள்ளது. 1930ஆம் ஆண்டின் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் வெறும் திறன் விளையாட்டுகளுக்கு விலக்கு அளித்தது; 1996இல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறன் சார்ந்தது என்று தீர்ப்பளித்தது; 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், தமிழ்நாட்டின் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தை ஏற்றுக்கொண்டபோதிலும், ரம்மியையும் போக்கரையும் தற்செயல் விளையாட்டுகளாக வைத்த அட்டவணையை ஏற்கவில்லை. அறிவிப்புப் பந்தயத்தை இத்தராசில் வைத்தால் தராசே பிழைபடும். இதில் வெல்ல அறிவு தேவை என்பது உண்மை. கலைஞர்களின் பயணத் திட்டங்களை ஒப்பிட்டு, எந்த வார இறுதி காலியாக இருக்கிறது என்று துருவுவோர் உழைப்பாளிகளே. ஆனால் அவர்களினும் சிறந்த ‘திறன்’ உடையவர் ஒப்பந்தத் தாளை நேரில் பார்த்த எழுத்தர். அறிவு கூடக்கூட ஏமாற்றும் கூடுகிற ஓர் ஆட்டத்தை, அறிவு தேவைப்படுகிறது என்பதற்காகவே விடுவிப்பது பொருந்தாது.

உள்விவரம் சந்தைக்குள் கசிந்தால் விகிதங்கள் துல்லியமாகும், அதனால் பொதுமக்களுக்கு நன்மை என்று ஊகச் சந்தைகளை ஆதரிப்போர் வாதிடுவர். விளைச்சல் அல்லது நோய்ப்பரவல் பற்றிய ஊகமாயின் இவ்வாதத்துக்கு எடையுண்டு. முன்கூட்டி அறிவதால் ஏற்பாடு செய்துகொள்ள முடியும். மேடையில் யார் பாடுவார் என்பதோ எப்படியும் சில வாரங்களில் அறிவிக்கப்படப்போகும் செய்தி. அதை முந்தி அறிந்தவர் பெறும் லாபம் முழுவதும், அறியாத இரசிகர் ஒருவரின் பையிலிருந்தே செல்கிறது.

‘ஆம்’, ‘இல்லை’ என்ற விடைகளைப் பங்குபோல விற்ற கருத்து வணிகச் செயலிகள் வழியாக இவ்வகைப் பந்தயம் இந்தியக் கைப்பேசிகளுக்குள்ளும் நுழைந்தது. இரு விடைகளின் விலைகளும் சேர்ந்து பத்து ரூபாய் ஆகும்படி அமைக்கப்பட்ட அச்செயலிகள் தன் ஒழுங்குமுறை வரம்புக்குள் வரவில்லை என்று 2025 ஏப்ரல் 29 அன்று பங்குச்சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி எச்சரித்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 22இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற இணையவழி விளையாட்டு ஊக்குவிப்பு, ஒழுங்குமுறைச் சட்டம், திறனாயினும் தற்செயலாயினும் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டு அனைத்தையும் தடைசெய்து, பழைய அளவுகோலை அவ்வளவில் கைவிட்டது. கைவிட்டதே தவிர, அதனிடத்தில் வேறொன்றை வைக்கவில்லை. முடிவை யார் எடுக்கிறார், அது எப்போது எடுக்கப்பட்டது, யார் முன்னிலையில் எடுக்கப்பட்டது என்ற மூன்று கேள்விகளும் இனியும் கேட்கப்பட வேண்டியவையே. குறிப்பாக, இணையத்துக்கு வெளியே குதிரைப் பந்தயம் போன்றவை இன்னும் திறன் என்ற பெயரிலேயே அனுமதிக்கப்பட்டிருக்கும்போது.