செவ்வாயில் உறங்காத கணிப்பொறி

சில திங்களுக்கு முன் என் மேசைக் கணிப்பொறியில் புதிய இயங்குதளத்தை ஏற்ற முயன்றேன். பாதி ஏறியது, பாதியில் நின்றது. அதன்பின் அது எழும், தடுமாறும், அணையும், மீண்டும் எழும். பழுது நீக்க வந்த இளைஞர், உள்ளிருந்த வட்டைத் தொடாமல், தாம் கொணர்ந்த பென்டிரைவிலிருந்து அதனை எழுப்பினார். இதே உபாயம் செவ்வாய்க் கோளில் ஓர் ஊர்தியைக் காத்த வரலாறு அப்பொழுது என் நினைவுக்கு வந்தது.

அமெரிக்காவின் நாசா அனுப்பிய ஸ்பிரிட் என்னும் அவ்வூர்தி, 2004 ஜனவரி 4-இல் குசேவ் என்ற பள்ளத்தில் இறங்கியது. 18-ஆம் செவ்வாய் நாளில், அதாவது ஜனவரி 21-இல், அது திடீரென மௌனமாயிற்று. ஆஸ்திரேலியாவில் கான்பராவிலுள்ள நிலையத்தில் அன்று மழையும் இடியும். ஆகவே பழி முதலில் வானத்தின் மீதே விழுந்தது! உண்மை நோய் ஊர்தியின் நினைவகத்தில் இருந்தது.

பயணத்தின்போதே புதிய மென்பொருள் அதற்கு ஏற்றப்பட்டிருந்தது. புதியது வந்த பின்னும், பழையதன் கோப்படைவுகள் 256 மெகாபைட் ஃபிளாஷ் நினைவகத்திலேயே தங்கிவிட்டன. அவற்றை ஒருவரும் கணக்கில் சேர்க்கவில்லை. 15-ஆம் நாள், அவற்றை நீக்கும் சிறு நிரலொன்றை இரு கூறுகளாக அனுப்பினர். ஒரு கூறே போய்ச் சேர்ந்தது. மறுமுறை அனுப்பக் குறித்த நாளோ 19. ஒரு நாள் முந்திக்கொண்டது விபத்து.

கோப்புகள் பெருகப் பெருக, அவற்றின் அட்டவணையை வைத்திருக்கத் தற்காலிக நினைவகத்திலும் இடம் மிகுதியாக வேண்டும். இடம் போதாமற் போகவே கணிப்பொறி தன்னைத் தானே மீளத் தொடங்கிற்று; தொடங்கியதும் அதே அட்டவணையைத் தேடியது; மறுபடியும் இடமில்லை. இவ்வாறு 60 முறைக்கு மேல்! இரவில் உறங்க வேண்டிய ஊர்தி உறங்காமல், மின்கலத்தைத் தின்றுகொண்டிருந்தது. அணைந்துறங்குக என்று பூமியிலிருந்து இட்ட ஆணையும் பலிக்கவில்லை. கலம் முற்றும் வற்றினால் என்ன நேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஒரு சொல் அங்குச் சென்று சேரவே 10 நிமிடத்திற்கு மேலாயிற்று. கைநீட்டித் தொடுவதற்கும் அங்கே ஆளில்லை.

கலிபோர்னியாவிலிருந்த பொறியாளர்கள், ஊர்தி அனுப்பிய அரைகுறைச் செய்திகளைக் கொண்டு நோயை ஊகித்தனர். ஃபிளாஷ் நினைவகத்தை நாடாமலே எழுக என்று ஆணையிட்டனர். ஊர்தி எழுந்து தெளிவாகப் பேசிற்று. எனினும் இது தற்காலிக வைத்தியமே. ஒவ்வொரு காலையும் அதே ஆணையை அனுப்பவேண்டியிருந்தது. இதற்கிடையே, ஜனவரி 25-இல், அதே மென்பொருளைச் சுமந்த ஆப்பர்சூனிட்டி என்ற இரட்டைப் பிள்ளையும் செவ்வாயில் வந்திறங்கியது. அன்று அந்த அறையிலிருந்தோர் மகிழ்ந்தனரா, அஞ்சினரா என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. இரண்டுமே இருந்திருக்கும்.

பின்னர்ப் பழைய கோப்புகளைக் களைந்தனர். இறுதியாக, பிப்ரவரி முதல் வாரத்தில், நினைவகத்தை முழுதும் துடைத்துப் புதிதாக வகுத்தனர். நோயுற்றபோது அடிரான்டாக் என்ற பாறையின் முன் நின்ற ஊர்தி, விட்ட இடத்திலேயே வேலையைத் தொடங்கி, அப்பாறையைத் துருவிற்று. 90 நாளுக்கென்று செய்யப்பட்ட அதன் கடைசிச் செய்தி பூமிக்கு வந்தது 2010 மார்ச் 22-இல்.