அபினும் அழாத பிள்ளைகளும்

போதைப்பொருள் வாழ்க்கையின் துன்பங்களைத் தாங்க உதவுமா என்ற கேள்விக்கு 'உதவாது' என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். பள்ளிக்கூடச் சுவர்களில் எழுதப்படும் விடையும் அதுவே. வரலாறு அவ்வளவு எளிதில் அதற்கு ஒத்துக்கொள்வதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கிலாந்தில் அபின் என்பது சோப்பு, மெழுகுவர்த்தி போல மளிகைக் கடையிலும் கிடைத்த சரக்கு. 1868இல் மருந்தகச் சட்டம் வரும்வரை அதை எவரும் விற்கலாம், எவரும் வாங்கலாம். சாராயத்தில் கரைத்த அபினுக்கு 'லாடனம்' என்று பெயர். பல்வலிக்கும் இருமலுக்கும் வயிற்றுப்போக்கிற்கும் தூக்கமின்மைக்கும் அதுவே கைமருந்து. காவல்துறையோ கள்ளச்சந்தையோ குறுக்கிடாத ஒரு சமூகத்தில் மனிதர்கள் அபினிடம் எதைக் கேட்டார்கள், எதைப் பெற்றார்கள் என்று பார்க்க அந்த நாடு நல்ல இடம்.

இலக்கிய வாசகர்கள் இக்கதையைத் தாமஸ் டி குவின்ஸியின் வழியாகவே பெரும்பாலும் அறிந்திருப்பார்கள். 1804ஆம் ஆண்டு, மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, முகத்திலும் தலையிலும் பரவிய தாங்கொணா வலிக்காக இலண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருக் கடையொன்றில் அவர் முதன்முதலாக அபின் வாங்கினார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. வலி போனது, ஆனால் வலி போனது அவருக்குச் சின்ன விஷயமாகிவிட்டது. அதற்கப்பால் திறந்த இன்பமே பெரிதாயிற்று. அடுத்த சில ஆண்டுகள் இசை நாடகம் கேட்கவும் சனிக்கிழமை இரவுகளில் ஏழைகள் கூடும் சந்தைகளில் சுற்றவும் மட்டுமே, இடைவெளி விட்டு, அதை உட்கொண்டார். 1813இல் கடும் வயிற்றுநோய் கண்டபின் அது அன்றாடப் பழக்கமாயிற்று. இளமையில் வீட்டைவிட்டு ஓடி இலண்டனில் பட்டினி கிடந்ததன் விளைவே அந்நோய் என்று அவர் நம்பினார். உச்சத்தில் நாளொன்றுக்கு 8000 சொட்டு லாடனம் என்பது அவரே தரும் கணக்கு.

1821 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் 'லண்டன் மேகசின்' இதழில் வெளியான அவருடைய ஒப்புதல் வாக்குமூலம் அபினின் இன்பங்கள், அபினின் வேதனைகள் என்று இரண்டையும் சொல்கிறது. முடிவில் தளையை ஏறத்தாழ அறுத்துவிட்டவராகத் தம்மைக் காட்டிக்கொள்கிறார். உண்மையில் 1859இல் இறக்கும்வரை அவர் அதை விடவில்லை. கடன்காரர்களுக்கு அஞ்சி எடின்பரோவில் கடனாளிகளுக்குப் புகலிடமாக இருந்த ஹோலிரூட் எல்லைக்குள் போய் ஒதுங்கிய காலமும் உண்டு. எட்டுப் பிள்ளைகள் பெற்ற மனைவி மார்கரெட் 1837இல் காலமானார். அபின் நூலின் ஆசிரியரைப் பற்றிப் பேசும் திறனாய்வாளர்கள் மார்கரெட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

கவிஞர் கோல்ரிட்ஜின் நிலை இன்னும் பரிதாபமானது. மூட்டுவலிக்கென்று தொடங்கிய பழக்கம் அது. அவருடைய மனைவியும் பிள்ளைகளும் பல ஆண்டுகள் மைத்துனர் முறையான கவிஞர் சதியின் வீட்டில்தான் வாழ்ந்தார்கள். 1814இல் நண்பரொருவருக்கு எழுதிய கடிதத்தில் கோல்ரிட்ஜ், தம் இழிநிலையைத் தாம் இறந்தபின் ஊரறியச் செய்யும்படி கேட்டுக்கொண்டார். 1816இல் ஹைகேட் பகுதி மருத்துவர் ஜேம்ஸ் கில்மன் வீட்டிற்குச் சிகிச்சைக்காகப் போனவர், 1834இல் இறக்கும்வரை பதினெட்டு ஆண்டுகள் அங்கேயே தங்கிவிட்டார். கில்மன் அளவைக் கட்டுப்படுத்தினார். கவிஞர் ஒளிவுமறைவாக வெளியிலும் வாங்கினார். ஆனாலும் உருப்படியாக வாழ்ந்தார், எழுதினார், பேசினார். அவரைத் தாங்கியது அபின் அன்று, கில்மன் குடும்பம் என்பதே என் எண்ணம். 'குப்ளா கான்' அபின் தந்த கனவு என்ற கதையை 1816இல் முன்னுரை எழுதிப் பரப்பியவரும் கோல்ரிட்ஜ்தான். அபின் உண்ட ஆயிரக்கணக்கானோரில் வேறெவரும் அப்படியொரு கவிதை எழுதிவிடவில்லை என்பதை மட்டும் நினைவிற்கொண்டால் போதும்.

இந்த இருவரையும் விட்டு விலகினால்தான் நம் கேள்வியின் உண்மையான களம் தென்படும். டி குவின்ஸியே தம் நூலின் முகப்பில் ஒரு செய்தி சொல்கிறார். மான்செஸ்டர் பஞ்சாலை முதலாளிகள் அவரிடம் கூறியது அது: சனிக்கிழமை பிற்பகல்களில் மருந்துக்கடை மேசைகளில் அபின் உருண்டைகள் முன்கூட்டியே பரப்பி வைக்கப்பட்டிருக்குமாம், மாலையில் வரும் தொழிலாளர்களுக்காக. காரணம் கூலிக் குறைவு. பீரும் சாராயமும் அவர்களுக்கு எட்டாதவை.

இன்னும் ஆழமாகப் பார்க்கக் கிழக்கு இங்கிலாந்தின் 'ஃபென்' எனப்படும் சதுப்புநிலப் பகுதிக்குப் போகவேண்டும். கேம்பிரிட்ஜ்ஷயர், லிங்கன்ஷயர், நார்ஃபோக் ஆகிய மாவட்டங்களில் பரந்து கிடந்த தாழ்நிலம் அது. தேங்கிய நீர், ஓயாத மலேரியாக் காய்ச்சல், மூட்டுவாதம். வீட்டுத் தோட்டத்தில் வெள்ளைக் கசகசாச் செடி வளர்த்து, அதன் காயை வேகவைத்துக் கஷாயமாகக் குடிப்பது அங்கே பாட்டி வைத்தியம். கடைகளில் அபின் உருண்டை வாங்குவதும் அன்றாட வழக்கம். சார்லஸ் கிங்ஸ்லி 1850இல் எழுதிய 'ஆல்டன் லாக்' நாவலில்கூட இவ்வழக்கம் பேசப்படுகிறது. அபின் அங்கே உதவிற்றா? உதவிற்று. குளிர்க்காய்ச்சலின் நடுக்கத்தையும் எலும்பு வலியையும் அது தணித்தது. வேறு மருந்து அந்த மக்களின் கைக்கு எட்டவும் இல்லை. இதை மறுப்பது நேர்மையாகாது.

(நம் வீடுகளில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டரும் இந்தச் சதுப்புநிலக் காய்ச்சலோடு தொடர்புடையதுதான். அக்காய்ச்சல் கண்ட குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்ட மருந்தை ஒட்டி 1851இல் நாட்டிங்ஹாமில் வில்லியம் உட்வர்ட் தயாரித்தது அது. அதில் அபின் கிடையாது, சாராயம் இருந்தது.)

காலப்போக்கில் சதுப்பு வடிக்கப்பட்டு வளமான விளைநிலமாயிற்று. மலேரியா குறைந்தது. குழந்தைச் சாவும் குறைந்திருக்கவேண்டும். மாறாக அது ஆலை நகரங்களுக்கு இணையாக உயர்ந்து நின்றது. அரசின் தலைமை மருத்துவ அதிகாரி ஜான் சைமன் சார்பில் இதை ஆராய்ந்த டாக்டர் ஹன்ட்டரின் அறிக்கை 1864இல் வெளிவந்தது. புதிய நிலங்களில் களையெடுக்கவும் கல் பொறுக்கவும் பெண்களும் சிறுவர்களும் கூட்டங்கூட்டமாக அழைத்துச் செல்லப்பட்டார்கள். தேயிலைத் தோட்டக் கதைகளில் நாம் படித்திருக்கும் கங்காணியைப் போன்ற ஒருவன் அவர்களை மேய்த்தான். கைக்குழந்தை வீட்டில், ஒரு கிழவியிடமோ சிறுமியிடமோ விடப்பட்டது. அது நாள் முழுவதும் உறங்குவதற்கு 'காட்ஃப்ரே கார்டியல்' என்ற அபின் கலந்த இனிப்புப் பாகு புகட்டப்பட்டது.

அழுகிற பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள் நம்மவர்கள். அபின் உண்ட குழந்தை அழுவதில்லை, ஆகவே பாலும் கேட்பதில்லை. மிகுதியான அளவினால் செத்த குழந்தைகள் ஒருபுறமிருக்க, பல குழந்தைகள் உறக்கத்திலேயே பட்டினியால் வற்றிப்போயின. ஹன்ட்டர் கண்ட குழந்தைகள் சின்னஞ்சிறு கிழவர்களைப் போலச் சுருங்கியிருந்தனர். அபின் புட்டியின் அடியில் படிந்துவிடும் இயல்புடையது என்பதால் கடைசிக் கரண்டிகள் மிகக் கொடியவை. அந்தத் தாயைக் குற்றம் சொல்லிக் கட்டுரை எழுதிய மேட்டுக்குடியினர் அன்று பலர். அவளுக்கும் அபின் உதவத்தான் செய்தது என்பதை அவர்கள் பார்க்கவில்லை. அவள் வயலுக்குப் போக முடிந்தது, கூலி கிடைத்தது. அதைவிட அதிகமாக அது நிலவுடைமையாளருக்கு உதவிற்று. துன்பம் இருந்த இடத்திலேயே இருக்க, அதைத் தாங்கும் பொறுப்பு மட்டும் குடும்பத்தில் ஆகச் சிறிய உயிரின் மேல் இறங்கியது. டி குவின்ஸியின் வலிக்கு மார்கரெட் விலை கொடுத்ததைப் போலத்தான் இதுவும்.

1867இல் வந்த கூலிக்கூட்டச் சட்டம் எட்டு வயதிற்குட்பட்ட சிறுவர்களை அக்கூட்டங்களில் சேர்க்கத் தடை விதித்தது. மறு ஆண்டு வந்த மருந்தகச் சட்டம் அபின் விற்பனையைப் பதிவுபெற்ற மருந்தாளர்களிடம் ஒப்படைத்தது. ஆனால் காப்புரிமை மருந்துகளுக்கு விலக்கு அளித்தது. தாய் வயலில் இருக்கும்போது குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்பதைப் பற்றி இரண்டு சட்டங்களும் எதுவும் சொல்லவில்லை.

இதே கதை பிற்பாடு பம்பாய்ப் பஞ்சாலைகளில் நிகழ்ந்தது. அங்கே அபின் கலந்த அந்தச் சின்ன உருண்டைக்குப் 'பாலகோலி' என்று பெயர். வேலைக்குக் கிளம்பும் தாய்மார்கள் குழந்தைக்கு அதைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஐம்பதிற்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஆலைகளில் குழந்தைகளுக்கான காப்பறை கட்டாயம் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் கூறியது. வயல் வேலைக்கு அந்தச் சட்டம் பொருந்தவில்லை.