புகையின் வயது

புகைமூட்டம் வரும் மாதங்களில் மலாக்காவில் எல்லோரிடமும் ஒரே பதில்தான் இருக்கும்: "சுமத்ராவுல கொளுத்துறானுங்க." நீரிணைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டிவிட்டு நாம் காரை முடுக்கிக் கிளம்பிவிடுவோம். காற்றில் கலந்துபோன பிறகு எது யார் புகை என்று பிரிக்க முடியுமா? ஓரளவு முடியும். கார்பனுக்கு வயது உண்டு.

காற்றிலுள்ள கார்பன் அணுக்களில் லட்சம் கோடிக்கு ஏறக்குறைய ஒன்று கார்பன் 14 என்ற ஐசோடோப்பு. விண்வெளிக் கதிர்களால் வளிமண்டலத்தின் மேலடுக்கில் அது உருவாகிக்கொண்டே இருக்கிறது. மரம் உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்து அதை எடுத்துக்கொள்ளும். செத்தபின் வரவு நின்றுவிடும்; இருப்பதும் 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகும். பெட்ரோலும் நிலக்கரியும் பல லட்சம், பல கோடி ஆண்டுகள் மண்ணுக்கடியில் கிடந்தவை. அவற்றில் கார்பன் 14 துளியும் மிச்சமில்லை. பெட்ரோல் எரிந்த இடத்தில் காற்றின் கார்பன் 14 விகிதம் நீர்த்துப்போகும். ஆஸ்திரியாவில் பிறந்த ஹான்ஸ் சூஸ் 1955ல் இதை மர வளையங்களில் கண்டு சொன்னார்.

நுட்பமான கணக்குத்தான். இன்றைய காற்றில் பத்து லட்சத்தில் 420க்கும் மேற்பட்ட பங்கு கரியமில வாயு. அதில் ஒரே ஒரு பங்கை எண்ணெய்ப் புகை கூட்டினாலும் கார்பன் 14 விகிதம் ஆயிரத்துக்கு ஏறக்குறைய இரண்டரை குறையும். நல்ல கருவிகள் அதைப் பிடித்துவிடும். அமெரிக்காவில் சோள இலைகளைச் சேகரித்தே இப்படி வரைபடம் போட்டிருக்கிறார்கள். வருடா வருடம் இலையுதிர்த்துத் துளிர்க்கும் நம் கித்தா மரமும் அதே வேலைக்கு உதவும். ஆயர் குரோ நெடுஞ்சாலையோரத்து இலையையும் உள்காட்டு இலையையும் அளந்து பார்த்தால் வேறுபாடு தெரியவேண்டும்.

கித்தாவின் கதை மலாயாவில் வணிகமாகத் தொடங்கியதே மலாக்காவில்தான். 1896ல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். பிறகு புக்கிட் அசஹானில். காடழித்து, லயங்களில் குடியேறி, பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அந்தப் பால் டயராகி மோட்டார் யுகத்தைச் சுமந்தது. 1942ல் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்ததும் அமெரிக்காவுக்கு ரப்பர் வரத்து நின்றது. அவர்கள் செயற்கை ரப்பரைப் பெருமளவில் செய்யத் தொடங்கினார்கள். இங்கே பால் வெட்டிய கைகளில் பல அந்நேரம் சயாம் மரண ரயிலில் கட்டை போட்டுக்கொண்டிருந்தன. இன்றும் ஒரு ரப்பர் துண்டு மரத்துப் பாலா, எண்ணெயா என்று ஆய்வகம் கார்பன் 14ஐ வைத்துச் சொல்லிவிடும். பாலில் அது இருக்கும், எண்ணெயில் இருக்காது.

ஜாசின் பக்கத்துத் தோட்டமொன்றின் ஸ்மோக் ஹவுசில் வேலை செய்த பெரியவரிடம் ஒருமுறை பேசிக்கொண்டிருந்தேன். அமிலம் ஊற்றி உறையவைத்து, உருளையில் நசுக்கிய ஷீட்டுகளை நாள்கணக்கில் புகையில் காயப்போடும் இடம் அது. "கட்ட ஈரமா இருந்தா கண்ணு அவிஞ்சு போயிரும் தம்பி. உள்ள போயித்தான் ஷீட்ட திருப்பணும். எங்க புகைக்கு கித்தா கட்ட. இப்ப வர்ற புகைக்கு எதப் போடுறானுங்கன்னே தெரியல" என்றார்.

அவர் சந்தேகத்துக்குப் பாதிப் பதில் இருக்கிறது. 2014, 2015 ஆண்டுகளில் சிங்கப்பூரில் பிடித்த புகைத் துகள்களை ஆராய்ந்து 2018ல் ஒரு கட்டுரை வெளியானது. எரிந்த கரிச்சதுப்பு மண்ணின் கார்பனுக்குச் சராசரி வயது சுமார் 800 ஆண்டு, முன்பின் 400 ஆண்டு என்றது அது. சராசரியை வைத்துப் பார்த்தால், பரமேஸ்வரா மலாக்காவுக்கு வருவதற்கு முன்பே மக்கி மண்ணானவை. கால்வாய் வெட்டி நீரை வடித்ததால் அவை இன்று தீப்பிடிக்கின்றன. இதோடு எப்போதும் கலந்திருப்பது நம் கார்களின், சுத்திகரிப்பு ஆலைகளின், மின்நிலையங்களின் புகை. சுமத்ரா எரியாத மாதங்களிலும் அது இருக்கிறது.

பெரியவரின் புகைக்கு மட்டும் இதில் இடமில்லை. முப்பது வருடத்து மரத்தின் கார்பனும் அன்றைய காற்றின் கார்பனும் கிட்டத்தட்ட ஒரே வயது. எண்ணெய்ப் புகை விகிதத்தைக் குறைப்பதுபோல அது குறைக்காது, கலந்து மறைந்துவிடும். டயரில் ஓடிய உலகத்தின் தடயம் காற்றிலும் மர வளையத்திலும் பதிந்திருக்கிறது. டயருக்கான ஷீட்டைப் புகையில் நின்று திருப்பியவர்களின் தடயம் அங்கே இல்லை. எத்தனை பேருக்கு நெஞ்சு அடைத்தது, எத்தனை பேர் இருமியே செத்தார்கள் என்பதை எந்தக் கருவியும் இனி அளக்கப் போவதில்லை.

அந்த ஸ்மோக் ஹவுஸ்களில் நின்றவர்களில் சிலர் மெர்லிமாவ், ஜாசின், அலோர் காஜா தாமான் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். நமக்குத் தாத்தா முறை. கேட்டால் சொல்வார்கள்.