பில் யார் பேருக்கு?

ஜெயலலிதா சொத்துக்குவிப்பு வழக்கு என்றதும் ஒரு ரூபாய்ச் சம்பளம், 1995-ல் நடந்த வளர்ப்பு மகன் கல்யாணம், பரப்பன அக்ரஹாரா சிறை என்று ஆளுக்கு ஒன்று ஞாபகம் வரும். எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு செலவுக் கணக்கு. 2003 நவம்பர் 18 அன்று வழக்கை சென்னையிலிருந்து பெங்களூருக்கு மாற்றிய உச்ச நீதிமன்றம், உத்தரவின் கடைசியில் சில நடைமுறைக் குறிப்புகளைச் சேர்த்தது. கர்நாடகா தனி நீதிமன்றம் அமைக்க வேண்டும். அரசு வழக்கறிஞரையும் கர்நாடகாவே நியமிக்க வேண்டும், அதுவும் அந்த மாநிலத் தலைமை நீதிபதியைக் கலந்துகொண்டு. வழக்கறிஞருக்கும் அவருடைய உதவியாளருக்கும் ஆகும் சம்பளத்தையும் செலவுகளையும் முதலில் கர்நாடகா கொடுக்கும். பிறகு அதைத் தமிழ்நாட்டிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம்.

அன்றைக்குத் தமிழ்நாட்டின் முதலமைச்சர் யார்? வழக்கின் முதல் குற்றவாளி, அதாவது ஏ1.

வழக்கு ஏன் மாநிலம் தாண்டிப் போனது என்று தெரிந்தால்தான் இந்த ஏற்பாட்டின் அர்த்தம் புரியும். 1991 ஜூலை முதல் 1996 ஏப்ரல் வரை முதலமைச்சராக இருந்த காலத்தில் வருமானத்துக்கு மீறிச் சேர்த்ததாக அரசுத் தரப்பு சொன்ன சொத்தின் மதிப்பு 66.65 கோடி. 1996-ல் வழக்குப் பதிவானது, 1997-ல் குற்றப்பத்திரிகை. சாட்சி விசாரணை கிட்டத்தட்ட முடிந்த நிலையில் 2001-ல் ஆட்சி மாறியது. அதற்கப்புறம் 76 சாட்சிகளை மறுபடியும் கூண்டில் ஏற்றினார்கள். அதில் 64 பேர் முன்னால் சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். அரசு வழக்கறிஞர் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை. எப்படித் தெரிவிப்பார்? அவரை நியமித்ததும் குற்றம் சாட்டப்பட்டவரின் அரசுதான். குற்றவாளிக் கூண்டில் நின்று பதில் சொல்ல வேண்டிய கேள்விகள்கூட எழுத்து வடிவில் ஏ1-இன் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தன. தி.மு.க. பொதுச்செயலாளர் க. அன்பழகன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். நீதிபதிகள் எஸ்.என். வரியவா, எச்.கே. சேமா அமர்வு வழக்கை மாற்றியது.

நான் வேலை பார்க்கும் உலகில் இதற்கு ஈடான ஒன்று உண்டு. ஒரு டீம் சர்வரை ஓட்டும், செலவு இன்னொரு டீமின் கணக்கில் ஏறும். அப்படி நடந்தால் மாதக் கடைசியில் சண்டை நிச்சயம். "காசு நாங்க குடுக்குறோம், அப்போ முடிவும் நாங்கதானே எடுக்கணும்?" என்று பணம் கட்டுகிற டீம் கேட்கும். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுத்தது அந்தக் கேள்வியைத்தான். காசு தமிழ்நாட்டுடையது, ஏனென்றால் ஏமாந்தது தமிழ்நாட்டு மக்கள், வழக்கும் அவர்களுடைய வழக்கு. முடிவு கர்நாடகாவுடையது, ஏனென்றால் தமிழ்நாட்டு அரசின் கையில் அந்த வழக்கை நம்பிக் கொடுக்க முடியாது. மாநிலம் என்பதையும் மாநிலத்தை அப்போது ஆள்பவர் என்பதையும் நீதிமன்றம் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தது. நாம் பொதுவாக அப்படிப் பிரிப்பதில்லை.

பெங்களூரில் ஆச்சார்யா அரசு வழக்கறிஞரானார். 2011-ல் ஜெயலலிதா நேரில் வந்து நான்கு நாட்களில் 1,339 கேள்விகளுக்குப் பதில் சொன்னார். 2012-ல் ஆச்சார்யா விலகினார், பிறகு பவானி சிங் வந்தார். 2014 மார்ச்சில் அவர் வாதிட வராததால், சம்பளத்தில் பிடித்தம் செய்யும்படி நீதிபதி ஜான் மைக்கேல் டி குன்ஹா உத்தரவிட்டார். கணக்குப்படி அந்த மிச்சமும் தமிழ்நாட்டுக்குத்தான் போக வேண்டும். அதை யாரும் வரவில் எழுதியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

2014 செப்டம்பர் 27 அன்று வந்த குன்ஹாவின் தீர்ப்பில் 4 வருடச் சிறையும் 100 கோடி அபராதமும்தான் தலைப்புச் செய்தி. மற்ற மூவருக்கும் தலா 10 கோடி. அதற்கு அடியில் இன்னொரு வரி இருந்தது: வசூலாகும் அபராதத்திலிருந்து 5 கோடியை விசாரணைச் செலவுக்காகக் கர்நாடகாவுக்குக் கொடுக்க வேண்டும். சோப்பும் பிஸ்கட்டும் வாங்கி வரி கட்டும் ஆளின் தலையில் விழுந்த செலவை, குற்றம் செய்தவர்களிடமே திருப்பிவிட்ட வரி அது. இதில் புதுமை ஒன்றும் இல்லை. அபராதத்தை வழக்குச் செலவுக்கு எடுத்துக்கொள்ள அப்போது நடைமுறையில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 357-வது பிரிவே இடம் தந்தது.

அப்புறம் மேல்முறையீடு. இங்கேதான் பழைய வியாதி திரும்பி வந்தது. கர்நாடக உயர் நீதிமன்றத்தில் அரசுத் தரப்புக்காக வாதாட பவானி சிங்கை நியமித்தது தமிழ்நாடு அரசு! அந்த நியமனம் செல்லாது என்று 2015 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. அதற்குள் வாதங்கள் முடிந்திருந்தன. எழுத்துமூலம் தன் தரப்பைச் சொல்ல கர்நாடகாவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாள். மே 11-ல் எல்லோருக்கும் விடுதலை. அந்தத் தீர்ப்பில் கடன் தொகைகளைக் கூட்டியதில் 10.67 கோடி வர வேண்டிய இடத்தில் 24.17 கோடி என்று இருந்ததை ஆச்சார்யா சுட்டிக்காட்டினார். கால்குலேட்டர் இருந்தால் பள்ளிக்கூடப் பையனே பிடித்துவிடும் தப்பு.

தமிழ்நாடு அரசு மேல்முறையீடு செய்யவில்லை. கர்நாடகா செய்தது. தன் மக்களின் பணம் ஒரு ரூபாய்கூடத் திருடு போகாத மாநிலம், ஆள் வைத்து, கோப்பு சுமந்து, டெல்லிவரை போனது. 2017 பிப்ரவரி 14 அன்று குன்ஹாவின் தீர்ப்பு மீண்டும் உயிர் பெற்றது. அதற்கு இரண்டு மாதம் முன்பே ஜெயலலிதா இறந்துவிட்டதால் அவர் மீதான மேல்முறையீடு அத்துடன் முடிந்துபோனது. 100 கோடியை அவர் சொத்திலிருந்து வசூலிக்கலாம் என்று கர்நாடகா போட்ட சீராய்வு மனுவும் அதே ஏப்ரலில் தள்ளுபடி. அந்தச் சமயத்தில் தமிழ்நாட்டிடம் கர்நாடகா கேட்ட தொகை சுமார் 12 கோடி என்று செய்திகள் வந்தன.

12 கோடி அதிகமா? போஃபர்ஸ் வழக்கு இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது. 2011-ல் குவாத்ரோக்கியை விடுவித்த டெல்லி நீதிமன்றம், 64 கோடி லஞ்சத்துக்காக 250 கோடி செலவழித்தாயிற்று, போதும் என்றது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் இதே தர்க்கத்தில் போனால், வழக்கை இழுத்துக்கொண்டே போகும் வசதி உள்ளவர் ஒருநாள் தப்பித்துவிடுவார், அவர் இழுத்ததற்கான பில்லும் நம்மிடமே வரும். பெங்களூர் வழக்கும் 18 வருடம் இழுத்த வழக்குதான். செலவைக் காரணம் காட்டி யாரும் அதை மூடவில்லை. செலவு யாருடையது என்று 2003-லேயே எழுதி வைத்துவிட்டதும் அதற்கு ஒரு காரணம் என்பது என் ஊகம்.

மற்றவர்களில் சசிகலா 2020-ல் தன் 10 கோடியைக் கட்டினார். சுதாகரன் கட்டவில்லை, கூடுதலாக ஒரு வருடம் சிறையில் இருந்தார். 2024 ஜனவரியில் பெங்களூர் தனி நீதிமன்றம், பறிமுதலான நகைகளைத் தமிழ்நாட்டிடம் ஒப்படைக்கச் சொன்னது. கர்நாடகாவுக்குச் சேர வேண்டிய 5 கோடியை ஜெயலலிதாவின் வங்கி வைப்புத்தொகையிலிருந்து கொடுக்கவும் சொன்னது. வாரிசுகள் எதிர்த்தார்கள், எடுபடவில்லை. 2025 பிப்ரவரியில் 27 கிலோவுக்கு மேற்பட்ட நகைகளும் 1,526 ஏக்கருக்கான நிலப் பத்திரங்களும் இரும்புப் பெட்டிகளில் தமிழ்நாட்டுக்குத் திரும்பின. எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு எடுத்துப்போக வந்தவர்கள் தமிழ்நாடு லஞ்ச ஒழிப்புத் துறை அதிகாரிகள். 1996-ல் வழக்குப் போட்டது அந்தத் துறை. 2015-ல் மேல்முறையீட்டுக்குப் போகாமல் இருந்ததும் அதே துறைதான்.